கொக்கையும் விடாமல் கவனித்த மா. கிருஷ்ணன்



பறவை ஆராய்ச்சி என்றதும் சாலிம் அலி பெயர்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் நம்ம தமிழ்நாட்டிலேயே பிறந்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் பறவை, விலங்குகளைப் பற்றி எழுதி, போட்டோவும் எடுத்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் மா. கிருஷ்ணன்.

இளமைப் பருவம்

1912 ஜூன் 30-ல் திருநெல்வேலியில் பிறந்தார். அப்பா 'பத்மாவதி சரித்திரம்' நாவல் எழுதிய அ. மாதவையா. எட்டுப் பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. வளர்ந்தது சென்னை மயிலாப்பூரில். இப்போ பஸ்ஸும் ஆட்டோவுமாக இருக்கிற அந்த இடத்தில் அப்போல்லாம் புதர்க்காடு இருந்தது. நரி கூட வருமாம்! பறவைகளைக் கேட்கவே வேண்டாம்.

13 வயதில் அப்பாவை இழந்தார். மாநிலக் கல்லூரியில் படித்தபோது தாவரவியல் பேராசிரியர் பைசன் இவரை நீலகிரி, கொடைக்கானல் மலைகளுக்கு அழைத்துப் போனார். பேராசிரியரின் மனைவி வாட்டர் கலர் ஓவியம் சொல்லிக் கொடுத்தார். பிறகு சட்டமும் படித்தார்.

வேலையா, காடா?

1942-ல் இன்றைய கர்நாடகத்தில் உள்ள சந்தூர் சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஆசிரியர், நீதிபதி, மகாராஜாவின் செயலாளர் என்று பல பொறுப்புகள். 1949-ல் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. அதன்பிறகு அவர் எந்த வேலைக்கும் போகவில்லை. எழுத்தும் போட்டோவுமே பிழைப்பு. மாதச் சம்பளம் கிடையாது. குடும்பத்தை வைத்துக்கொண்டு இப்படி முடிவெடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

1950-ல் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் ஒரு பத்தி எழுத ஆரம்பித்தார். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று 46 வருஷம் எழுதினார். புலி, யானை மட்டுமல்ல; காக்கா, அணில், ஆடு என்று தினமும் நம் கண்ணில் படுவதைப் பற்றியும் எழுதினார்.

கறுப்பு வெள்ளைப் படங்கள்

கலர் பிலிம் வந்த பிறகும் அவர் கறுப்பு வெள்ளையை விடவில்லை. பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றை அமைத்து, அதற்கு சூப்பர் பாண்டரோசா என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். நடந்தும், யானை மேல் ஏறியும் காட்டுக்குள் போய்ப் படம் எடுத்தார். 1970-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

வேடந்தாங்கல் பற்றியும் எழுதியிருக்கிறார். அங்கே ஏரி மரங்களில் கொக்கு, நாரை எல்லாம் கூடு கட்டும். எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு நல்ல உரம். அதனால் ஊர் மக்களே பறவைகளைக் காப்பாற்றி வந்தார்கள். 1798-லேயே கலெக்டரிடம் உத்தரவு வாங்கி வைத்திருந்தார்கள் என்றால் பாருங்களேன்!

நாமும் பார்க்கலாமே

வெள்ளையாக இருந்தால் எல்லாம் ஒரே கொக்கு என்று நினைக்கிறோம். மாட்டுக்குப் பின்னாலேயே போகிற உண்ணிக்கொக்குக்கு மஞ்சள் அலகு. இனப்பெருக்க காலத்தில் அதன் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறமாகிவிடும். சின்ன வெண்கொக்குக்குக் கறுப்பு அலகு, கறுப்புக் கால். ஆனால் பாதம் மட்டும் மஞ்சள், சாக்ஸ் போட்ட மாதிரி! மடையான் உட்கார்ந்திருந்தால் மண் நிறம், பறந்தால் வெள்ளைச் சிறகு.

கொக்கைப் படம் எடுக்க உச்சி வெயில் ஆகாது. இறகே தெரியாமல் வெறும் வெள்ளையாக விழும். காலை வெயிலே நல்லது. கூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் போகவே கூடாது. தாய்ப்பறவை பயந்து பறந்துவிட்டால் முட்டையையும் குஞ்சையும் காக்கா கொண்டுபோய்விடும். ஒரு போட்டோவுக்காக ஒரு உயிர் போகலாமா?

1996 பிப்ரவரி 18-ல் கிருஷ்ணன் காலமானார். அவருடைய கடைசிக் கட்டுரை வெளியானதும் அதே நாளில்தான்.

கேமரா இல்லையே என்று கவலைப்படாதீர்கள். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். வயல் பக்கம் போகும்போது கொக்கின் காலைக் கொஞ்சம் கவனியுங்கள். பார்த்ததைத் தேதி போட்டு எழுதுங்கள். கிருஷ்ணனுக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்.

தொகுப்பு: 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு