தனித்து ஒலித்த கொடுமுடிக் கோகிலம்

தனிமரம் தோப்பாகாது என்பர் நம் முன்னோர். ஆயினும் தனிக்குரல் ஒன்று நாட்டையே தன்பால் ஈர்த்த வரலாறும் தமிழகத்தில் உண்டு. அக்குரலுக்கு உரியவர் கே. பி. சுந்தராம்பாள்.

எங்கள் பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில் பழைய கிராமபோன் தட்டுகளும் விலைக்கு வருவதுண்டு. அவற்றைக் காணும்போதெல்லாம் இவ்வம்மையாரே என் நினைவுக்கு வருவார். ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும் அத்தகைய தட்டுகளின் வழியாகத்தான், நாடகக் கொட்டகைக்குச் செல்ல இயலாத மக்களின் செவிகளையும் அவர் குரல் எட்டியது.

1908ஆம் ஆண்டு, காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையை இளமையிலேயே இழந்தார். ரயிலில் பாடிய அச்சிறுமியின் குரல்வளம் கண்டு நாடக உலகுக்கு அழைத்துச் சென்றனர் என்பர். வேலு நாயர் குழுவில் சிறுவர் வேடங்கள் ஏற்றார். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைக்கோடியில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டும். அந்தப் பயிற்சியே அவர் குரலுக்குக் கம்பீரம் தந்தது என்பேன்.

இலங்கை மேடையில் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடித்தார். 1927இல் இருவரும் மணம் புரிந்தனர். வள்ளித் திருமணத்தில் அவர் வேலனாகவும் இவர் வள்ளியாகவும் போட்டியிட்டுப் பாடுவதைக் கேட்க ஊரே திரண்டது. ஆனால், மேடையில் இணைந்த சுருதி இல்லத்தில் இணையவில்லை. மனக்கசப்பும் பிரிவும் நேர்ந்தன. 1933 டிசம்பரில் கிட்டப்பா 27 வயதிலேயே மறைந்தார். அம்மையாருக்கு அப்போது வயது 25.

கைம்பெண் மங்கல நிகழ்ச்சிகளில் முன்னே வருவதையே சமூகம் விரும்பாத காலம் அது. அவர் வெள்ளாடை உடுத்தினார். இனி எந்த ஆடவருடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். நடிகை ஒருவர் இவ்வாறு முடிவெடுத்தால் பிழைப்பு என்னாவது? அவரோ பின்வாங்கவில்லை. தாமே ஆண் வேடம் தரித்தார். 1935இல் வெளிவந்த பக்த நந்தனார் படத்தில் நந்தனாராக நடிக்க அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் கிடைத்தது. அப்படத்தில் வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். அக்காலத்தில் ஒரு லட்சம் என்பது மலைக்க வைக்கும் தொகை. துணையிழந்த பெண்ணின் தனிக்குரலுக்கு நாடு அளித்த மதிப்பு அது.

அக்குரலை அவர் தமக்காக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. கதர் உடுத்திய அவர், விடுதலைப் போராட்டத்தையும் காந்தியடிகளையும் போற்றும் பாடல்களை இசைத்தட்டுகளில் பாடினார். தலைவர்களின் சொற்பொழிவு எட்டாத ஊர்களில்கூட அத்தட்டுகள் சுழன்றன. பின்னாளில் சட்ட மேலவை உறுப்பினராகவும் விளங்கினார்.

1953இல் ஜெமினியின் ஔவையாராகவும், 1964இல் பூம்புகார் படத்தில் கவுந்தியடிகளாகவும் தோன்றினார். இளமையில் ஏற்ற உறுதி முதுமையில் அவருக்கேற்ற வேடங்களையே தேடித் தந்தது போலும்! 1969இல் வெளிவந்த துணைவன் படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றபோது அவர் அறுபதைக் கடந்திருந்தார். 1970இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. 1980இல் அம்மையார் மறைந்தார்.

அவருக்குக் கல்லூரிப் படிப்பில்லை, செல்வப் பின்னணியில்லை, இறுதிவரை உடன் நிற்கத் துணையுமில்லை. இருந்தது குரலும் மன உறுதியுமே. நம் கல்லூரி விழா மேடையில் தனியே நின்று பாட அஞ்சும் தோழியர் இவ்வம்மையாரை எண்ணிப் பார்க்கட்டும். உடன் பாடுவோர் இல்லையே என்று அவர் பாட்டை நிறுத்தியிருந்தால், தமிழிசைக்கு நேர்ந்திருக்கும் இழப்பு எத்துணைப் பெரிது!