காற்பந்து வீரர் டிக்ஸி டீன்

கடைத்தெருவில் ஒரு பொருளை வாங்குவோர் அதனைத் தட்டியும் நிறுத்தும் பார்த்துத் தரமறிந்து விலை பேசுவர். மனிதனுடைய ஆற்றலை நிறுத்துப் பார்ப்பதற்கு அத்தகைய துலாக்கோல் எங்கும் இல்லை. இங்கிலாந்து நாட்டில், ஒரு கழகத்துக் காற்பந்து வீரரை மற்றொரு கழகம் பொருள் கொடுத்துப் பெற்றுக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அவ்வாறு பெரும்பொருள் கொடுத்துப் பெற்ற வீரர் சிலர், ஊரார் தம்மேல் வைத்த நம்பிக்கையைப் பொய்யாக்கியதுண்டு. வேறு சிலரோ, கொடுத்த பொருளுக்குப் பன்மடங்கு மேலாக உழைத்துத் தம்மைப் பெற்ற கழகத்திற்கு அழியாப் புகழைத் தேடித் தந்தனர். இப்பின்னவர் வரிசையில் முன்னிற்பவர், லிவர்ப்பூல் நகரத்து எவர்ட்டன் கழகத்தின் வீரர் டிக்ஸி டீன் ஆவார்.

இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில் மெர்சி என்னும் ஆறு கடலொடு கலக்கின்றது. அதன் ஒரு கரையில் லிவர்ப்பூல் துறைமுகமும், எதிர்க்கரையில் பர்க்கன்ஹெட் என்னும் தொழில் நகரமும் உள்ளன. அந்தப் பர்க்கன்ஹெட்டில் 1907-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 22-ஆம் நாள் டீன் பிறந்தார். வில்லியம் ரால்ஃப் டீன் என்பது பெற்றோர் இட்ட பெயர். தந்தையார் இருப்புப்பாதைத் தொழிலாளர். குடும்பம் எளியது. சிறுவனாய் இருந்தபோதே டீன் விடியற்காலையில் எழுந்து வீடுதோறும் பால் கொண்டுசெல்லும் வேலையில் உதவி வந்தார்.

எட்டு வயதுச் சிறுவராய் இருந்தபொழுது, தந்தையார் ஒரு நாள் அவரை ஆற்றைக் கடந்து அழைத்துச் சென்று, எவர்ட்டன் கழகத்தாரின் குடிசன் பார்க் மைதானத்தில் நடந்த ஆட்டத்தைக் காட்டினார். அந்த 1914–15-ஆம் ஆண்டுப் பருவத்தில் நாட்டின் முதற்பிரிவு லீக்கில் வாகை சூடியதும் அக்கழகமே. நீலச் சட்டை அணிந்து ஆடிய வீரர்களைக் கண்ட சிறுவரின் நெஞ்சில், தாமும் ஒரு நாள் அச்சட்டையை அணிந்து அந்த மைதானத்தில் ஆடவேண்டும் என்னும் ஆசை வேரூன்றியது.

ஆசை மட்டும் எவரையும் உயர்த்துவதில்லை; அதற்காக மேற்கொள்ளும் துன்பமே உயர்த்துகின்றது. பதினான்கு வயதில் பள்ளியை விட்ட டீன், விர்ரல் இருப்புப்பாதை நிறுவனத்தில் பொருத்துநர் தொழில் பழகுபவராகச் சேர்ந்தார். அங்கே இரவு முறை வேலையை ஒருவரும் விரும்பவில்லை. பணிமனையில் எலித்தொல்லை மிகுதி. உடன் பழகிய இளைஞர்கள் அதற்கு அஞ்சி ஒதுங்கினர். டீன் அவர்களுடைய இரவு வேலையையும் தாமே ஏற்றுக்கொண்டார். இரவெல்லாம் உழைத்தால் பகலில் பந்தாடலாம் என்பதே அவர் கணக்கு.

இவ்வாறு பழகிய இளைஞரை உள்ளூர்க் கழகமாகிய டிரான்மியர் ரோவர்ஸ் தன் அணியில் சேர்த்துக்கொண்டது. 1924–25-ஆம் ஆண்டுப் பருவத்தில் அக்கழகத்திற்காக அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் 27. அடித்த கோல்களும் 27. இச்செய்தி பரவவே, பெயர்பெற்ற கழகங்கள் பல அவரைத் தேடின. டீனின் உள்ளமோ எவர்ட்டன் ஒன்றையே நாடி நின்றது. 1925-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், எவர்ட்டன் கழகத்தின் செயலாளர் ஆற்றங்கரை விடுதியொன்றில் தமக்காகக் காத்திருக்கின்றார் என்று கேள்வியுற்றவுடன், வண்டிக்கும் காத்திராமல் இரண்டரை மைல் தொலைவும் ஓடியே சென்று அவரைக் கண்டார். 3,000 பவுன் கொடுத்து எவர்ட்டன் அவரைப் பெற்றது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

அவ்வாண்டிலேயே காற்பந்தாட்ட விதியொன்று மாற்றப்பட்டது. அதுவரை, பந்தைப் பெறுகின்ற வீரருக்கும் எதிரணியின் எல்லைக் கோட்டிற்கும் இடையே எதிரணியினர் மூவரேனும் நிற்கவேண்டும் என்று விதி இருந்தது. இல்லையேல் ஆட்டம் நிறுத்தப்படும். அம்மூவரை இருவராகக் குறைத்தனர். இதனால் முன்னணியில் ஆடுவோர்க்கு வழி சற்று அகலமாயிற்று. எங்கும் கோல்கள் பெருகின. புதிய விதியின் கீழ் நடந்த முதற்பருவத்தில் டீன் 32 லீக் கோல்களை அடித்தார். தாம் வாங்கிய வீரர் பொய்க்கவில்லை என்று எவர்ட்டன் அன்பர்கள் மகிழ்ந்தனர். ஆனால், அம்மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை.

1926-ஆம் ஆண்டுக் கோடைக்காலத்தில் டீன் வேல்ஸ் நாட்டின் வடபகுதியில் ஹோலிவெல் என்னும் ஊரின் அருகே மோட்டார் சைக்கிளில் சென்றபொழுது, பெரும் விபத்து நேர்ந்தது. அவருடைய மண்டையோடும் தாடையெலும்பும் முறிந்தன. நினைவிழந்து கிடந்த அவர் உயிர் பிழைப்பதே அரிது என்று அஞ்சினர். உயிர் பிழைத்த பின்னரும், இனிக் காற்பந்து ஆடுதல் இயலாது என்றே மருத்துவர்கள் கருதினர். பத்தொன்பது வயதில் அவருடைய ஆட்டம் முடிந்துவிட்டது என்று ஊரார் வருந்தினர்.

அவ்வச்சத்திற்குத் தக்க காரணமும் இருந்தது. அக்காலத்துப் பந்து தடித்த தோலால் ஆனது. அதன் வாய் வாரினால் இறுக்கித் தைக்கப்பட்டிருக்கும். மழையில் நனைந்தால் நீரை உறிஞ்சிக் கல்லைப்போல் கனக்கும். அத்தகைய பந்தினைத் தலையால் முட்டி இலக்கினுள் செலுத்துவதே டீனுடைய தனித்திறன். எந்த உறுப்பினால் அவர் புகழ் பெற்றாரோ அந்த உறுப்பே முறிவுற்றது. முறிந்த தலையைப் பந்திற்குக் கொடுக்க யார்தாம் துணிவர்?

டீன் துணிந்தார். படுக்கையை விட்டு எழுந்து, சிறிது சிறிதாக உடலைத் தேற்றி, அவ்வாண்டு அக்டோபர்த் திங்களிலேயே மைதானத்திற்குத் திரும்பினார். முன்போலவே உயர எழுந்து பந்தைத் தலையால் தாக்கினார். அவர் தலைக்குள் இரும்புத் தகடு பொருத்தப்பட்டுள்ளது என்றும், அதனாலேயே பந்து அத்துணை விரைவாகச் செல்கின்றது என்றும் மக்கள் கதை கட்டினர். அது வெறுங்கதையே. உள்ளே இருந்தது உறுதியன்றி வேறில்லை. எஞ்சிய பருவத்தில் 27 லீக் ஆட்டங்களில் 21 கோல்கள் அடித்தார். எனினும் எவர்ட்டன் அணி 22 அணிகளுள் 20-ஆம் இடத்தையே பெற்று, இரண்டாம் பிரிவிற்கு இறங்கும் இழிவினின்று மயிரிழையில் தப்பியது.

அடுத்த பருவமாகிய 1927–28-இல் நிகழ்ந்ததை ஒருவரும் எதிர்பார்த்திலர். முந்தைய ஆண்டில்தான் மிடில்ஸ்பரோ கழகத்து ஜார்ஜ் கேம்செல் இரண்டாம் பிரிவில் 59 கோல்கள் அடித்துப் பெருஞ்சாதனை புரிந்திருந்தார். அதனை எவரும் கடத்தல் இயலாது என்று எண்ணினர். பருவம் முடிய இரண்டு ஆட்டங்களே எஞ்சியிருந்தபொழுது டீன் அடித்திருந்தவை 53. கேம்செலை முந்துவதற்கு இன்னும் ஏழு வேண்டும். பர்ன்லி கழகத்தோடு நடந்த ஆட்டத்தில் நான்கு அடித்தார். ஆகவே, இறுதி ஆட்டத்தில் மூன்று அடித்தல் வேண்டும். எதிர்ப்பதோ வலிமை மிக்க ஆர்சனல் அணி.

1928-ஆம் ஆண்டு மே திங்கள் 5-ஆம் நாள் குடிசன் பார்க் மைதானத்தில் நாற்பதினாயிரத்திற்கும் மேற்பட்ட மக்கள் திரண்டனர். லீக் பட்டம் எவர்ட்டனுக்கு முன்னரே உறுதியாகிவிட்டமையால், அனைவருடைய கண்களும் டீன் ஒருவர் மீதே இருந்தன. ஆட்டம் தொடங்கியவுடன் ஆர்சனல் ஒரு கோல் அடித்தது. சில நிமிடங்களில் டீன் அதற்கு ஈடு செய்தார். பின்னர்க் கிடைத்த பெனால்டி உதையையும் கோலாக்கினார். கணக்கு 59 ஆயிற்று. அதன்பின் காலம் கடந்ததேயன்றி டீனுக்குக் கோல் கிடைக்கவில்லை. ஆர்சனல் வீரர்கள் அவரைச் சூழ்ந்து காத்தனர். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபொழுது எவர்ட்டனுக்கு ஒரு மூலை உதை கிடைத்தது. குள்ளமான உருவமும் கூர்த்த திறமும் உடைய அலெக் டிரூப் பந்தை உயர்த்தி அனுப்பினார். நெருங்கி நின்ற கூட்டத்தினின்று மேலெழுந்த டீன் அதனைத் தலையால் முட்டி இலக்கினுள் செலுத்தினார். அதுவே அறுபதாவது கோல்! மைதானம் ஆரவாரத்தால் அதிர்ந்தது. இரண்டாண்டுகளுக்கு முன் முறிந்து கிடந்த தலையே அச்சாதனையை முடித்து வைத்தது. ஆட்டம் 3–3 என்னும் கணக்கில் முடிந்தது. இங்கிலாந்தின் முதற்பிரிவில் ஒரே பருவத்தில் அத்தனை கோல்கள் அடித்தவர் அவருக்கு முன்னும் இலர், பின்னும் இலர்.

இத்துணைப் புகழ் பெற்றும் டீன் பெருஞ்செல்வர் ஆகவில்லை. அக்காலத்தில் எத்துணைச் சிறந்த வீரராயினும், ஆட்டப் பருவத்தில் வாரத்திற்கு 8 பவுனுக்கு மேல் ஊதியம் பெறலாகாது என்பது லீக்கின் விதி. ஆயிரக்கணக்கானோர் காசு கொடுத்துக் காண வந்த வீரர், ஒரு கைத்தொழிலாளியைப் போலவே வாழ்ந்தார். எதிரணியினர் பலமுறை அவரை உதைத்தும் இடித்தும் வீழ்த்தியதுண்டு. அவர் வெகுளாமல் எழுந்து, கோல் அடித்தலையே அதற்கு விடையாகக் கொண்டார். டிக்ஸி என்று உலகம் அவரை அழைத்தது. அப்பெயரை அவர் விரும்பவில்லை. நண்பர்களுக்கு அவர் பில் என்னும் எளிய பெயருடையவரே.

உயர்வைத் தொடர்ந்து தாழ்வும் வந்தது. 1930-ஆம் ஆண்டில் எவர்ட்டன் அணி தன் வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் பிரிவிற்கு இறங்கியது. டீன் கழகத்தை விட்டு நீங்கவில்லை. மறு பருவத்திலேயே 39 லீக் கோல்கள் அடித்து அதனை மீண்டும் முதற்பிரிவிற்கு ஏற்றினார். அதற்கடுத்த 1931–32-ஆம் பருவத்தில் அவர் 45 கோல்கள் அடிக்க, எவர்ட்டன் மீண்டும் லீக் பட்டம் வென்றது. 1933-ஆம் ஆண்டு வெம்பிளி மைதானத்தில் நடந்த கோப்பை இறுதியாட்டத்தில், அவருடைய தலைமையில் எவர்ட்டன் மான்செஸ்டர் சிட்டி அணியை மூன்று கோல்களால் வென்றது. கோப்பை இறுதியாட்டத்தில் வீரர்கள் எண் பொறித்த சட்டை அணிந்தது அதுவே முதன்முறை. டீன் அணிந்தது 9-ஆம் எண். பின்வந்த எவர்ட்டன் முன்னணி வீரர்கள் அவ்வெண்ணைப் பெறுதலைப் பெரும்பேறாகக் கருதினர்.

ஆண்டுகள் சென்றன. காயங்கள் பலவற்றால் டீனின் விரைவு குறைந்தது. கழகத்தார் அவருக்குப் பின் ஆடத்தக்க இளைஞரைத் தேடினர். 1936-ஆம் ஆண்டின் இறுதியில், பர்ன்லி கழகத்தினின்று டாமி லாட்டன் என்னும் பதினேழு வயது இளைஞரை 6,500 பவுன் கொடுத்துப் பெற்றனர். தாம் வந்தபொழுது கொடுத்த தொகையினும் இருமடங்குக்கு மேற்பட்ட தொகை, தம் இடத்தை நிரப்ப வந்த சிறுவனுக்குக் கொடுக்கப்பட்டதை டீன் அறிவார். அத்தகைய வேளையில் மனத்தில் அழுக்காறு தோன்றுதல் உலக இயல்பு. டீனோ, அவ்விளைஞரின் தோளை அணைத்து, தம் இடத்தைப் பெறவே அவர் வந்திருக்கின்றார் என்பதைத் தாம் அறிந்திருப்பதாகவும், அதற்குத் தம்மால் இயன்ற உதவியெல்லாம் செய்வதாகவும் கூறினார். கூறியதோடு நில்லாமல், எப்பொழுது எழவேண்டும், பந்தை நெற்றியின் எவ்விடத்தால் தாக்கவேண்டும் என்னும் நுட்பங்களையெல்லாம் நாள்தோறும் உடனிருந்து பயிற்றினார். தாம் குருதி சிந்திக் கற்ற கலையை ஒளியாது வழங்கினார். அப்பயிற்சி வீண்போகவில்லை. 1938–39-ஆம் பருவத்தில் எவர்ட்டன் மீண்டும் லீக் பட்டம் வென்றபொழுது, அவ்வணியில் மிகுதியான கோல்கள் அடித்தவர் லாட்டனே.

அவ்வெற்றியின்பொழுது டீன் அங்கே இல்லை. 1938-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிலேயே, 399 லீக் ஆட்டங்களில் 349 கோல்கள் அடித்துத் தந்த கழகத்தை விட்டு, நாட்ஸ் கவுண்டி கழகத்திற்குச் சென்றிருந்தார். பின்னர் அயர்லாந்தின் ஸ்லைகோ ரோவர்ஸ் கழகத்திலும் சிறிது காலம் ஆடினார். போருக்குப் பின் செஸ்டர் நகரில் விடுதியொன்றை நடத்தி வாழ்ந்தார். 1976-ஆம் ஆண்டு நோயினால் அவருடைய வலக்கால் துண்டிக்கப்பட்டது. காலை இழந்தும் ஆட்டம் காணும் ஆர்வத்தை அவர் இழக்கவில்லை. 1980-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள், எவர்ட்டனும் லிவர்ப்பூலும் மோதிய ஆட்டத்தைக் காணக் குடிசன் பார்க்கிற்குச் சென்றார். எட்டு வயதில் எங்கே தம் ஆசையை வளர்த்தாரோ, அறுபதாவது கோலை எங்கே அடித்தாரோ, அங்கேயே மாரடைப்பினால் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது எழுபத்து மூன்று. 2001-ஆம் ஆண்டில் அம்மைதானத்தின் வெளியே அவருக்குச் சிலை நிறுவப்பட்டது. 2025-ஆம் ஆண்டில் எவர்ட்டன் ஆடவர் அணி துறைமுகப் பகுதியில் எழுந்த புதிய மைதானத்திற்குச் சென்றுவிட்டது. அவருடைய அறுபது கோல் சாதனையோ இடம் பெயராமல் நிற்கின்றது.

டீனுக்கு எவர்ட்டன் கொடுத்த விலை 3,000 பவுன். அவர் தந்த கோல்களை எண்ணிக் கணக்கிடலாம். முறிந்த தலையோடு மீண்டும் களம் புகுந்த ஊக்கத்திற்கும், தம் இடத்திற்கு வந்தவரைத் தம்பியாய் ஏற்றுத் தாம் அறிந்ததெல்லாம் கற்பித்த பெருந்தகைமைக்கும் கணக்கு இல்லை. பிறர் தம்மேல் வைக்கும் நம்பிக்கைக்கு மேலாக வாழ விரும்புவோர், டீனிடத்தில் இவ்விரண்டையும் கற்றுக்கொள்ளலாம்.