ஹைன்ரிக் அன்டன் டி பாரி

ஹைன்ரிக் அன்டன் டி பாரி (சனவரி 26, 1831 – சனவரி 19, 1888) செருமனியைச் சேர்ந்த தாவரவியலாளர், மருத்துவர், பூஞ்சையியலாளர் ஆவார். தாவர நோயியலுக்கும் நவீனப் பூஞ்சையியலுக்கும் அடித்தளம் இட்டவர்களுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். உருளைக்கிழங்கின் பின்கருகல் நோய்க்குக் காரணமான நுண்ணுயிரியைச் சோதனை மூலம் உறுதிசெய்தார். கோதுமைத் துருப்பூஞ்சை தன் வாழ்வின் ஒரு பகுதியைப் பார்பெரி என்னும் புதர்ச்செடியில் கழிக்கிறது என்பதை நிறுவினார். கூட்டுயிர் வாழ்வு என்னும் கருத்தை அறிவியலில் நிலைபெறச் செய்தார். செடிகளின் திசுக்களுக்குள் வாழும் நுண்ணுயிர்கள் அவற்றின் நோய் எதிர்ப்பை எவ்வாறு மாற்றுகின்றன என்பது பற்றிய இன்றைய ஆய்வுகள் இவரது பணிகளோடு நெருங்கிய தொடர்புடையவை.

இளமையும் கல்வியும்

டி பாரி பிராங்க்ஃபுர்ட் நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். உடன்பிறந்தோர் பலர்; பெற்றோருக்குப் பிள்ளைகள் பத்துப் பேர். இளமையில் அந்நகர இயற்கை ஆர்வலர்களுடன் சுற்றுப்புறங்களுக்குச் சென்று தாவரங்களைச் சேகரித்தார். மருத்துவரும் தாவரவியல் ஆசிரியருமான கேயார்க் பிரெசீனியசு இவருக்குப் பாசிகளிலும் பூஞ்சைகளிலும் ஈடுபாட்டை ஏற்படுத்தினார்.

ஐடல்பெர்க், மார்பூர்க், பெர்லின் ஆகிய இடங்களில் மருத்துவம் பயின்று 1853 ஆம் ஆண்டு பெர்லினில் பட்டம் பெற்றார். அவர் பட்டத்துக்காக அளித்த ஆய்வேடு தாவரங்களின் பாலினப் பெருக்கத்தைப் பற்றியது. அதே ஆண்டில் பயிர்களைத் தாக்கும் துரு, கரிப்பூட்டைப் பூஞ்சைகளைப் பற்றிய நூலையும் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 22. பிராங்க்ஃபுர்ட்டில் சிறிது காலம் மருத்துவராகப் பணியாற்றிய பின் தாவரவியலுக்கே திரும்பினார்.

பல்கலைக்கழகப் பணி

1854 இல் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் ஊகோ வான் மோல் என்பவரின் உதவியாளராகச் சேர்ந்தார். 1855 இல் பிரைபூர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்று அங்கே ஒரு தாவரவியல் ஆய்வகத்தை அமைத்தார். 1861 இல் அன்டோனி ஐனெர்ட் என்பவரை மணந்தார். இவர்களுக்கு நான்கு பிள்ளைகள். 1867 இல் ஆல் பல்கலைக்கழகத்திலும், 1872 இல் இசுட்ராசுபூர்க் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியரானார். பிரான்சு–பிரசியப் போருக்குப் பின் செருமனியின் கீழ் வந்த இசுட்ராசுபூர்க்கில் (இன்று பிரான்சில் உள்ளது) புதிதாக அமைக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் இவரே. அங்குள்ள பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவும் இவரது முயற்சியால் உருவாகி 1884 இல் திறக்கப்பட்டது.

உருளைக்கிழங்கு நோய்

1845 முதல் ஐரோப்பாவின் உருளைக்கிழங்கு வயல்கள் ஒரு புதிய நோயால் அழிந்தன. அயர்லாந்தில் இதனால் ஏற்பட்ட பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். கருகிய இலைகளின் அடிப்புறத்தில் வெண்ணிறப் பூசணம் காணப்பட்டது. ஆனால், ஈரமும் குளிரும் செடியின் சாற்றைக் கெடுத்து நோயை உண்டாக்குகின்றன என்றும், பூசணம் அந்த அழுகலிலிருந்து பின்னர் தோன்றுவது என்றும் பலர் கருதினர். பூசணமே காரணம் என்று 1846 இல் இங்கிலாந்தின் மைல்சு பெர்க்லி கூறினார். எனினும் அது ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை.

டி பாரி நலமான செடிகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றில் பூசணத்தின் வித்திகளை இட்டார்; மற்றவற்றை வித்திகள் அணுகாமல் காத்தார். வித்தி இடப்பட்டவை மட்டுமே நோயுற்றன. வித்திப்பைகள் நீரில் வெடித்து, நீந்தும் நுண்ணிய வித்திகளை வெளியிடுவதையும், அவை முளைத்து இலைக்குள் நுழைவதையும் நுண்ணோக்கியில் கண்டார். மழைக்காலத்தில் நோய் விரைந்து பரவுவதன் காரணம் இதனால் விளங்கியது. ஈரம் நோயைப் பிறப்பிக்கவில்லை. நோய் உண்டாக்கும் உயிரிக்கு வழி அமைத்துக் கொடுத்தது. இம்முடிவுகளை 1861 இல் வெளியிட்டார். 1876 இல் இந்த உயிரிக்கு பைட்டோப்தோரா என்னும் பேரினப் பெயரைச் சூட்டினார். கிரேக்க மொழியில் இதற்குத் தாவர அழிப்பான் என்று பொருள். இவ்வினம் உண்மையான பூஞ்சை அன்று, பழுப்புப் பாசிகளுக்கு நெருங்கிய நீர்ப்பூசண வகை என்பது பிற்காலத்தில் அறியப்பட்டது.

பார்பெரிப் புதரும் கோதுமைத் துருவும்

பார்பெரி மஞ்சள் பூக்களும் சிவந்த பழங்களும் கொண்ட முட்புதர். ஐரோப்பாவில் தோட்டங்களிலும் வேலிகளிலும் வளர்க்கப்பட்டது. இப்புதரின் அருகிலுள்ள கோதுமையில் துருநோய் மிகுதியாக வருவதை உழவர்கள் நீண்டகாலமாகக் கவனித்திருந்தனர். வட அமெரிக்காவின் கனெடிகட்டில் 1726 இலேயே பார்பெரிக்கு எதிராகச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் அறிஞர் பலர் இதனை வெறும் நம்பிக்கையாகவே எண்ணினர்.

கோதுமைத் தாளில் குளிர்காலத்தைக் கழித்த கரிய வித்திகள் வசந்த காலத்தில் முளைத்து வேறு வகைச் சிறு வித்திகளைத் தருகின்றன. இவை கோதுமை இலையைத் தாக்குவதில்லை. டி பாரி அவற்றைப் பார்பெரி இலைகளில் இட்டபோது, அவ்விலைகளில் ஆரஞ்சு நிறக் கிண்ணங்கள் தோன்றின. அக்கிண்ணங்களிலிருந்து வந்த வித்திகள் தானியப் பயிர்களில் துருவை உண்டாக்கின. ஒரே பூஞ்சை தொடர்பற்ற இரு செடிகளில் மாறி மாறி வாழ்கிறது என்பது இவ்வாறு 1865–66 ஆம் ஆண்டுகளில் உறுதியானது. உழவர்களின் பட்டறிவுக்கு அறிவியல் விளக்கம் கிடைத்தது. இவ்வறிவின் அடிப்படையில் ஐக்கிய அமெரிக்காவில் 1918 இல் பார்பெரி ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. பூஞ்சையின் பாலினப் பெருக்கம் பார்பெரியிலேயே நடைபெறுவதால், புதரை அகற்றியது புதிய துரு வகைகள் தோன்றுவதையும் குறைத்தது.

கூட்டுயிர் வாழ்வு

1866 இல் வெளிவந்த பூஞ்சைகள் பற்றிய தம் பெருநூலில் டி பாரி, செடியின் மேற்பரப்பில் வாழும் பூஞ்சைகளையும் அதன் உள்ளே வாழும் பூஞ்சைகளையும் வேறுபடுத்திக் காட்டினார். 1878 இல் காசல் நகரில் நிகழ்த்திய உரையில், வேறுபட்ட இரு உயிரினங்கள் ஒன்றாக வாழும் நிலையைக் கூட்டுயிர் வாழ்வு என்று வரையறுத்தார். பூஞ்சையும் பாசியும் இணைந்த லைக்கன்கள், அசோலாவின் இலைக்குள் வாழும் நீலப்பச்சைப் பாசி ஆகியவற்றை எடுத்துக்காட்டினார். ஏறத்தாழ அதே காலத்தில் ஆல்பர்ட் பிராங்க் என்பவரும் இதையொத்த சொல்லைப் பயன்படுத்தியிருந்தார்.

இன்று இச்சொல் பெரும்பாலும் இரு தரப்பும் நன்மை பெறும் உறவையே குறிக்கிறது. டி பாரியின் வரையறை அதைவிட விரிந்தது. ஒட்டுண்ணி வாழ்வும் அதில் அடங்கும். நன்மை, தீமை ஆகியவை ஒரே தொடரின் இரு முனைகள். அவற்றுக்கிடையே பல படிநிலைகள் உள்ளன என்பது அவரது கருத்து.

பிற்கால ஆய்வுகள்

நலமாகத் தோன்றும் செடிகளின் உள்ளேயும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் வாழ்கின்றன என்பது 20 ஆம் நூற்றாண்டில் விரிவாக அறியப்பட்டது. இவற்றுள் சில மூன்று வழிகளில் செடியைக் காக்கின்றன. இடத்தையும் உணவையும் முன்னரே பற்றிக்கொள்கின்றன. நோய்க்கிருமிகளைத் தடுக்கும் வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. செடியின் சொந்த எதிர்ப்பு ஆற்றலைத் தூண்டிவிடுகின்றன.

ரோடோடென்ட்ரான் என்னும் தோட்டப் புதரின் உள்ளிருந்து பிரித்தெடுத்த இசுட்ரெப்டோமைசிசு பாக்டீரியா, அச்செடியின் நாற்றுகளை இலைநோயிலிருந்து காத்ததை 2000 ஆம் ஆண்டில் சப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். கொக்கோ இலைகளில் இயல்பாக வாழும் பூஞ்சைகளை நாற்றுகளுக்குள் செலுத்தியபோது, பைட்டோப்தோரா விளைவித்த சேதம் குறைந்ததை 2003 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. டி பாரி பெயரிட்ட அழிப்பானை, அவர் விளக்கிய கூட்டுவாழ்வே எதிர்த்து நின்றது. எனினும் எல்லா உள்வாழ் உயிர்களும் காவலர்கள் அல்ல. வறட்சியாலோ முதுமையாலோ செடி தளரும்போது, அதுவரை தீங்கற்றிருந்த பூஞ்சைகள் சில நோய் விளைவிப்பதும் உண்டு.

மாணவர்கள்

பல நாட்டு மாணவர்கள் இவரது ஆய்வகத்தை நாடி வந்தனர். அவர்களுள் சிலர்:

- செர்கேய் வினோகிராத்சுக்கி – மண் நுண்ணுயிரியலின் முன்னோடி
- பியேர் மில்லார்டே – போர்டோ கலவையை உருவாக்கியவர்
- வில்லியம் பார்லோ – அமெரிக்கப் பூஞ்சையியலாளர்
- ஆரி மார்சல் வார்டு – இலங்கையின் காப்பித் தோட்டங்களை அழித்த துருநோயை 1880–82 ஆம் ஆண்டுகளில் அங்கேயே தங்கி ஆராய்ந்தவர்

மறைவு

1887 இல் மான்செசுட்டரில் நடந்த பிரித்தானிய அறிவியல் கழகக் கூட்டத்தில் டி பாரி கலந்துகொண்டார். அதன்பின் தாடையில் ஏற்பட்ட கட்டியால் நோயுற்றார். அறுவை மருத்துவம் செய்தும் குணமடையவில்லை. 1888 சனவரி 19 அன்று, தம் 57 ஆம் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னர், இசுட்ராசுபூர்க்கில் காலமானார்.