சவுக்குக் கிளையும் ராட்லரின் அகராதியும்

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது, சவுக்குக் கிளை ஒன்றை வெட்டி வந்து, மணல் நிரப்பிய வாளியில் நட்டு, ஜிகினாத் தாள், பஞ்சு, காகித நட்சத்திரம், பலூன் ஆகியவற்றால் அலங்கரிப்பது தமிழகக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றின் வழக்கம். செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் கடற்கரை வரை சவுக்குத் தோப்புகள் நிறைந்திருப்பதால் இங்கு அது எளிதாகக் கைக்கெட்டும் மரம். குளிர்நாட்டு ஊசியிலை மரத்துக்கு இது ஒரு மாற்று மட்டுமே என்று கருதுவோர் உண்டு. ஆனால், வெளியிலிருந்து வரும் எதுவும் இந்த மண்ணை அறிந்துகொண்டால்தான் வேரூன்றும். அதற்கு யோகான் பீட்டர் ராட்லரின் வாழ்க்கை நல்ல சான்று.

ராட்லர் 1749-ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பிறந்தார். கிறிஸ்துமஸ் மரத்தின் வரலாற்றில் அந்நகருக்குத் தனியிடம் உண்டு. அங்குள்ள வீடுகளின் கூடத்தில் ஊசியிலை மரத்தை நிறுத்தி, வண்ணக் காகித ரோஜாக்கள், ஆப்பிள்கள், மெல்லிய அப்பங்கள், இனிப்புகள் ஆகியவற்றைத் தொங்கவிட்டதை 1605-ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று தெரிவிக்கிறது. மின்விளக்குகளுக்கும் கண்ணாடி உருண்டைகளுக்கும் முந்தைய அந்த அலங்காரம், நம் வீடுகளின் காகித நட்சத்திரத்துக்கு மிக நெருக்கமானது.

அந்நகரில் கல்வி கற்ற ராட்லர், குருப்பட்டம் பெற்று, 1776-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1706-இல் சீகன்பால்க் தொடங்கிய டேனிஷ் மிஷன் அங்கே தமிழ்ப் பள்ளிகளையும் அச்சகத்தையும் நடத்தி வந்தது. புகழ்பெற்ற தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவரான மருத்துவர் கோனிக், மிஷன் பணியாளர்களிடையே தாவர ஆய்வில் ஆர்வத்தை வளர்த்திருந்தார். ராட்லரும் அதில் ஈடுபட்டார். சமயப் பணிக்காகச் செல்லும் வழியெல்லாம் செடிகளைச் சேகரித்து, உலர்த்தி, குறிப்பெழுதி ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பினார்.

1799-1800-இல் அவர் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குச் சென்று திரும்பினார். அப்பயணத்தில் கண்ட தாவரங்கள் பற்றிய அவருடைய குறிப்புகள், வில்டெனோவின் விளக்கங்களுடன் 1803-இல் பெர்லினில் வெளிவந்தன. மரக்காணம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம், கோவளம் ஆகியவை அவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்ட கடற்கரையில் உள்ளவை. பனையும் தாழையும் மணலில் படரும் அடம்பும் இக்கரைக்கு உரியவை. இன்று இவற்றைப் பார்த்ததும் பெயர் சொல்லக்கூடிய இளைஞர் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

1803-இல் ராட்லர் சென்னைக்கு மாறினார். பின்னர் வேப்பேரி மிஷனின் பொறுப்பை ஏற்றார். ஆங்கிலத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலைத் தமிழில் தந்தார். முதுமையில் பெரிய தமிழ் - ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுத்தார். அதன் முதற்பகுதி 1834-இல், ஏறத்தாழ 85 வயதில், வெளிவந்தது. 1836 ஜனவரியில் அவர் மறைந்தார். எஞ்சிய பகுதிகளை வில்லியம் டெய்லரும் வேங்கடாசல முதலியாரும் திருத்தி, 1841-க்குள் நிறைவு செய்தனர். பலனைத் தாம் காண இயலாது என்று தெரிந்தும் செய்யப்படும் முதலீடு இத்தகையது. அதன் வட்டியைப் பின்வந்த தலைமுறைகள் பெற்றன.

அவர் சேகரித்த தாவரங்கள் லண்டன் கியூ தோட்டத்தில் உள்ளன. கபிலப்பொடி என்னும் செஞ்சாயம் தரும் மரத்துக்கு ஒரு காலத்தில் ராட்லெரா என்று அவர் பெயரே சூட்டப்பட்டிருந்தது. தாவரவியல் வகைப்பாடு மாறியபோது அப்பெயர் வழக்கொழிந்தது.

ராட்லர் காலத்தில் இக்கரையில் சவுக்குத் தோப்புகள் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், விறகுத் தேவையை முன்னிட்டே அவை பரவலாக வளர்க்கப்பட்டன. சவுக்கும் அயல்நாட்டிலிருந்து வந்த மரமே. ஆயினும், வேறு பயிர் எளிதில் விளையாத மணலில் வளர்ந்து, காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சுகள் வழியாக நிலைநிறுத்தி, சில ஆண்டுகளிலேயே வெட்டுக்கு வந்து, சாரக் கம்பமாகவும் விறகாகவும் காகிதக் கூழாகவும் இங்குள்ள விவசாயிக்கு வருமானம் தருகிறது.

இப்போது அந்தக் கிளையின் இடத்தை நெகிழி மரம் பிடித்து வருகிறது. ஒருமுறை வாங்கினால் பல ஆண்டுகள் வரும் என்பது சிக்கனக் கணக்கு. ஆனால், அந்தப் பணத்தில் எதுவும் உள்ளூர்த் தோப்புக்குச் சேர்வதில்லை. கடைசியில் மண்ணோடு மட்காத குப்பையே மிஞ்சுகிறது. சவுக்குக் கிளையோ பண்டிகை முடிந்ததும் அடுப்புக்குப் பயன்படும்.

ராட்லர் 60 ஆண்டுகள் இங்கு வாழ்ந்து, இந்நிலத்தின் செடிகளையும் சொற்களையும் கற்றார். இந்த டிசம்பரில் பிள்ளைகளைத் தோப்புக்கு அழைத்துச் சென்று, ஒரு கிளையை விலை கொடுத்து வாங்கி, வழியில் காணும் மரங்களின் பெயர்களையும் அவர்களுக்குச் சொல்லலாம். அதற்குப் பெரிய செலவு ஆகாது.