மூணு புரிக் கயிறு: ஜி.என். ராமச்சந்திரன்

நாகர்கோவிலில் விலங்கியல் படித்த நமக்கெல்லாம் அந்த ஸ்லைடு நினைவிருக்கும். வான் கீசன் சாயம் ஏற்றினால் கொலாஜன் நார் சிவப்பு, தசை மஞ்சள். எது நார் என்று சாயம் சொல்லிவிடும். நாருக்குள் என்ன என்று சொல்லாது. அதைச் சொன்னவர் ராமச்சந்திரன்.

1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தார். பெங்களூரில் சர் சி.வி. ராமனின் மாணவர். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். கங்காரு வாலின் தசைநாணில் எக்ஸ்ரே செலுத்தி, கோபிநாத் கர்த்தாவுடன் 1954-ல் விடை கண்டார்: மூன்று இழைகள். மறு வருஷமே அவற்றை ஒன்றோடொன்று முறுக்கியும் காட்டினார். நம்மூர்க் கயிறேதான், மூணு புரி!

கேம்பிரிட்ஜின் கிரிக்கும் ரிச்சும் அணுக்கள் நெருங்கிக் கிடப்பதாகக் குறை சொன்னார்கள். மனுஷர் சளைக்கவில்லை, எவ்வளவு நெருங்கலாம் என்றே கணக்குப் போட்டார். 1963-ல் வந்த ராமச்சந்திரன் வரைபடம் அதன் பலன். உலகமெங்கும் புரதம் ஆராய்பவர்கள் இன்றும் அதைத்தான் பார்க்கிறார்கள். 2001-ல் சென்னையில் காலமானார். நோபல் பரிசு மட்டும் வரவேயில்லை.