வலது கை சிதைந்தது, இடது கையில் இரண்டு தங்கம்: காரோய் டகாச் மறுபடி குறிபார்க்கக் கற்றது எப்படி?

மோட்டிவேஷன் வீடியோக்களில் அடிக்கடி வரும் கதை இது. ஹங்கேரி ராணுவ வீரர் ஒருவர், துப்பாக்கி சுடுதலில் கெட்டிக்காரர். கையெறி குண்டு வெடித்து அவருடைய வலது கை சிதைந்துவிடுகிறது. இடது கையால் பழகி ஒலிம்பிக்கில் தங்கம் வாங்குகிறார். ஒரு நிமிட ரீல்ஸுக்கு இது போதும். பார்த்தோம், லைக் போட்டோம், அடுத்த வீடியோவுக்குப் போனோம்.

ஆனா, அந்த ஒரு நிமிடத்தில் விட்டுப்போவதுதான் கதையின் முக்கியமான பகுதி. குறிபார்க்கும் திறமையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு எப்படி மாற்றுவது? அப்படியே மாற்றினாலும், அதைக் காட்ட மேடையே கிடைக்காவிட்டால் என்ன செய்வது? இந்த இரண்டு கேள்விகளையும் வாழ்ந்து பார்த்தவர் காரோய் டகாச். ஆங்கில எழுத்தைப் பார்த்து நம்மூரில் கரோலி என்று சொல்வார்களே, அவரேதான்.

யார் இந்த டகாச்?

1910 ஜனவரி 21 அன்று ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்ட்டில் பிறந்தவர். ராணுவத்தில் சேர்ந்தார். 1936-க்குள் உலகத் தரமான பிஸ்டல் வீரராக வளர்ந்துவிட்டார். அந்த ஆண்டு பெர்லின் ஒலிம்பிக். திறமை இருந்தும் ஹங்கேரி அணியில் இடம் கிடைக்கவில்லை.

காரணம், அவருடைய பதவி. டகாச் ஒரு சார்ஜென்ட். ராணுவத்திலிருந்து துப்பாக்கி சுடும் அணிக்குக் கமிஷன் பெற்ற அதிகாரிகளை மட்டுமே எடுப்பது அப்போதைய வழக்கம். குறி தப்பியதால் இல்லை, தோளில் இருந்த பட்டை போதாததால் வெளியே நின்றார். பெர்லின் ஒலிம்பிக் முடிந்த பிறகு இந்தத் தடை நீங்கியது. அடுத்த ஒலிம்பிக் 1940-ல். நான்கு வருடம் இருக்கு, பார்த்துக்கொள்ளலாம் என்ற நிலை.

1938-ல் என்ன நடந்தது?

ராணுவப் பயிற்சியின்போது பழுதான கையெறி குண்டு ஒன்று அவருடைய வலது கையில் வெடித்தது. சுடும் கை அதுதான். அப்போது அவருக்கு வயது 28. சுமார் ஒரு மாதம் மருத்துவமனையில் இருந்தார். வெளியே வந்ததும் இடது கையால் சுடப் பழக ஆரம்பித்தார். யாரிடமும் சொல்லவில்லை.

மறு கையில் குறி, ஏன் இவ்வளவு கஷ்டம்?

உங்க ஆபீஸ் கேம்ஸ் ரூமில் டார்ட்ஸ் போர்டு இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்க. விதிப்படி போர்டின் மையம் தரையிலிருந்து 5 அடி 8 அங்குல உயரத்தில் இருக்கும். நிற்கும் கோடு போர்டிலிருந்து 7 அடி 9¼ அங்குலம் தள்ளி இருக்கும். பழகிய கையில் மூன்று டார்ட் எறியுங்க. பிறகு மறு கையில் மூன்று. (பக்கத்தில் ஆள் நிற்காமல் பார்த்துக்கொள்ளவும்!)

மறு கையில் எறியும்போது எங்கே எறிய வேண்டும் என்று மூளைக்குத் தெளிவாகத் தெரியும். ஆனா முழங்கை ஆடும். விரல்கள் டார்ட்டை விடும் நேரம் ஒவ்வொரு தடவையும் மாறும். குறி என்பது கண்ணால் பார்ப்பது மட்டும் இல்லை, ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப அப்படியே செய்வது என்பது அப்போது புரியும்.

பிஸ்டலில் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. மூன்று விஷயங்களைச் சொல்லலாம்.

முதலாவது, ட்ரிகர் விரல். ஆள்காட்டி விரல் மட்டும் தனியாக, நேராகப் பின்னால் அழுத்த வேண்டும். பழகாத கையில் மற்ற விரல்களும் சேர்ந்து இறுகும். துப்பாக்கி முனை ஒரு நூல் அளவு நகர்ந்தாலும், 25 மீட்டர் தள்ளி அது பெரிய விலகல் ஆகிவிடும்.

இரண்டாவது, கண். பெரும்பாலானவர்களுக்கு ஒரு கண் மேலோங்கி இருக்கும். கட்டை விரலை நீட்டி, தூரத்தில் இருக்கும் ஒரு பொருளை மறைத்துப் பாருங்க. இப்போ ஒவ்வொரு கண்ணாக மூடுங்க. எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் நகராமல் நிற்கிறதோ, அதுதான் உங்க மேலோங்கிய கண். கையை மாற்றலாம், கண்ணை அப்படி மாற்ற முடியாது. வலது கண் மேலோங்கியவர் இடது கையால் சுட்டால், தலையையும் கையையும் புதிய விதத்தில் பொருத்தியாக வேண்டும்.

மூன்றாவது, தோளும் பிடியும். ஒற்றைக் கையை நீட்டி ஆடாமல் வைத்திருக்கத் தோள் தசைக்குப் பலம் வேண்டும். சுட்டதும் துப்பாக்கி மேலே உதைக்கும். அதே இடத்துக்கு அதைத் திரும்பக் கொண்டுவரவும் அந்தக் கைக்குத் தெரிய வேண்டும்.

அப்போ எல்லாமே பூஜ்யத்திலிருந்தா? இல்லை. ஒரு கையில் ஆழமாகக் கற்றது ஓரளவு மறு கைக்கும் போகும் என்பது உடல் இயக்க அறிவியலில் நன்கு தெரிந்த விஷயம். மூச்சை எங்கே நிறுத்துவது, எந்த நொடியில் அழுத்துவது, ஒரு குண்டு தவறினால் மனதை எப்படி அடுத்த குண்டுக்குத் திருப்புவது என்பதெல்லாம் வலது கையோடு போய்விடுவதில்லை. டகாச் இழந்தது ஒரு கையை. அந்தக் கை வருடக்கணக்கில் சேர்த்துவைத்த அறிவில் பெரும்பகுதி அவரிடமே இருந்தது. ரீல்ஸ் இதைச் சொல்லாது. வெறும் மன உறுதி மட்டும் இருந்து, முந்தைய பயிற்சி இல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் திரும்பியிருப்பது கடினம்.

எவ்வளவு சீக்கிரம்?

1939 வசந்த காலத்தில் ஹங்கேரி தேசிய பிஸ்டல் சாம்பியன்ஷிப் நடந்தது. டகாச் வந்து நின்றதும், போட்டியைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று சக வீரர்கள் நினைத்ததாகச் சொல்வார்கள். அவர் இடது கையால் சுட்டு சாம்பியன் ஆனார். அதே ஆண்டு உலக சாம்பியன்ஷிப்பில் வென்ற ஹங்கேரி அணியிலும் இருந்தார்.

அவர் ஏன் யாரிடமும் சொல்லாமல் பழகினார்? இப்படி ஊகிக்கலாம். கற்கும் முதல் மாதங்களில் எல்லாக் குண்டும் தாறுமாறாகத்தான் போகும். அப்போது பக்கத்தில் நின்று பரிதாபப்படுகிறவர்களும் வேண்டாம், பழைய ஸ்கோரோடு ஒப்பிடுகிறவர்களும் வேண்டாம்.

கற்றாச்சு, போட்டி எங்கே?

வழக்கமான கதை இங்கிருந்து நேராகத் தங்கப் பதக்கத்துக்குத் தாவிவிடும். நடுவில் ஒன்பது வருடம் இருக்கிறது.

1940 ஒலிம்பிக் முதலில் டோக்கியோவுக்கு என்று முடிவாகி, பிறகு ஹெல்சின்கிக்கு மாறியது. கடைசியில் இரண்டாம் உலகப் போரால் ரத்து. லண்டனில் நடக்க வேண்டிய 1944 ஒலிம்பிக்கும் ரத்து. 1941-ல் ஹங்கேரி போரில் இறங்கியது. 1944 மார்ச்சில் ஜெர்மனி நாட்டை ஆக்கிரமித்தது. 1944 டிசம்பர் கடைசியிலிருந்து 1945 பிப்ரவரி வரை சோவியத் படைகளின் முற்றுகையில் புடாபெஸ்ட் நகரமே நொறுங்கியது.

29 வயதில் தயாராக இருந்தவர், அடுத்த ஒலிம்பிக் வந்தபோது 38-ஐத் தொட்டிருந்தார். கையை மாற்றியது சுமார் ஒரு வருட வேலை. அந்தக் கையின் பழக்கம் போகாமல் காத்தது ஒன்பது வருட வேலை.

1948 லண்டன்: 60 குண்டுகள்

அவருடைய போட்டி 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய ராணுவ வீரர் விஜய் குமார் வெள்ளி வென்றாரே, அதே பிரிவு. வரிசையாக ஐந்து இலக்குகள் இருக்கும். கை கீழே இருக்க வேண்டும். இலக்குகள் வீரரை நோக்கித் திரும்பியதும் கையை உயர்த்தி ஐந்துக்கும் ஒவ்வொரு குண்டு. முதலில் 8 வினாடி, பிறகு 6, பிறகு 4. நான்கு வினாடிச் சுற்றில் ஒரு குண்டுக்குக் கிடைப்பது ஒரு வினாடிக்கும் குறைவு. யோசிக்க நேரமே கிடையாது. கைக்குத் தெரிந்தால்தான் உண்டு.

சர்ரே மாவட்டத்தின் பிஸ்லியில் போட்டி நடந்தது. எல்லோரும் எதிர்பார்த்தது நடப்பு உலக சாம்பியனான அர்ஜென்டினாவின் கார்லோஸ் என்ரிகே தியாஸ் சாயென்ஸ் வாலியென்தேவை. போட்டிக்கு முன் அவர் டகாச்சிடம் லண்டனுக்கு எதற்காக வந்தீர்கள் என்று விசாரித்ததாகவும், கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்று டகாச் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு.

முடிவு: டகாச் 600-க்கு 580. உலக சாதனையோடு தங்கம். அர்ஜென்டினா வீரர் 571 எடுத்து வெள்ளி. வேண்டிய அளவு கற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று தோற்றவரே வந்து பாராட்டியதாக அந்தக் கதை முடியும்.

அதோடு நின்றாரா?

இல்லை. நான்கு வருடம் கழித்து 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக். வயது 42. மறுபடியும் தங்கம், 579 புள்ளி. ரேபிட் ஃபயர் பிஸ்டலில் அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற முதல் ஆள் அவர்தான்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கும் போனார். ஹங்கேரிப் புரட்சியை சோவியத் டாங்குகள் நசுக்கிச் சில வாரங்களே ஆன நேரம் அது. 46 வயதில் எட்டாவது இடம். பதக்கம் இல்லை. போட்டி வாழ்க்கையை முடித்த பிறகு பயிற்சியாளராகத் தொடர்ந்தார். 1976 ஜனவரி 5 அன்று, 66-வது பிறந்தநாளுக்கு 16 நாள் முன்பு காலமானார்.

1952 ஹெல்சின்கி பதக்கப் பட்டியலை ஒருமுறை பாருங்க. டகாச்சுக்கு ஒரே ஒரு புள்ளி பின்னால், 578 எடுத்து வெள்ளி வென்றவர் 17 வயது ஹங்கேரிப் பையன் சிலார்ட் குன். அவருக்குக் குறிபார்க்கக் கற்றுக்கொடுத்தவர் டகாச். இளம் வயதில் கற்றதை 28 வயதில் பிரித்துப்போட்டு மறுபடி கோத்தவர் அவர். ஒவ்வொரு அசைவும் எதற்காக என்று யோசித்து யோசித்துக் கற்றவரால் அதை இன்னொருவருக்குச் சொல்லித்தரவும் முடிந்தது. அந்த ஒரு புள்ளி மட்டும் வாத்தியாரிடமே இருந்துவிட்டது.