டாக்டர் பிரெடரிக் ஃபோலி

வைத்தியசாலைகளில் நாடோறும் வழங்கும் பெயர்களுள் ஃபோலி என்பதும் ஒன்று. தாதியர் அதனை ஒரு ரப்பர்க் குழாயின் பெயராகவே அறிவர். அப்பெயருடைய மனிதரை அறிந்தார் சிலரே.

பிரெடரிக் யூஜீன் பாசில் ஃபோலி, அமெரிக்காவில் மினசோட்டா மாகாணத்துச் செயின்ட் கிளவுட் நகரில் 1891-ஆம் ஆண்டு பிறந்தார். யேல் சர்வகலாசாலையில் 1914-இல் பட்டம் பெற்று, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியக் கலாசாலையில் 1918-இல் தேறினார். பாஸ்டன் நகரில் மூளை ரணசிகிச்சையில் கீர்த்திபெற்ற ஹார்வி குஷிங்கின்கீழ்ச் சிலகாலம் உழைத்தார். பின்னர்ச் சிறுநீருறுப்புக்களின் சிகிச்சையையே தம் தொழிலாகக் கொண்டு, செயின்ட் பால் நகரில் அமர்ந்தார்.

சிறுநீர் பிரியாது வருந்துவோர்க்குச் செலுத்திய குழாய் அந்நாளில் உள்ளே நில்லாது நழுவும். அதனை வெளியே பட்டையிட்டுக் கட்டிவைப்பர். பிராஸ்டேட் சுரப்பியை அறுத்தபின் பெருகும் இரத்தத்தை நிறுத்துவதும் அரிதாயிருந்தது. குழாய்நுனியருகே சிறு பலூனொன்றை அமைத்து, உள்ளே சென்றபின் அதனை விரியச்செய்து இரத்தத்தை அடக்கும் உபாயத்தை ஃபோலி 1929-இல் வெளியிட்டார். பலூனையும் குழாயையும் ஒரே லாடெக்ஸ் ரப்பராய் அமைத்த கருவியை 1937-இல் விவரித்தார். ஆயினும் அதன் காப்புரிமையை, சில மாதம் முன்னரே விண்ணப்பித்திருந்த பால் ரைச் என்பார் வழக்காடிப் பெற்றார். உரிமை பிறருக்குச் சென்றது. பெயர் ஃபோலியுடையதாகவே நின்றது.

இக்குழாயைப் பற்றிப் பலர்க்கும் ஒரு மயக்கம் உண்டு. குழாயின் ஓரமாகச் சிறுநீர் கசியுமாயின், இன்னும் பருத்த குழாயை இடுக, பலூனில் இன்னும் நீர் ஏற்றுக என்பர். பலூன் குழாயை நிறுத்தும் நங்கூரமேயன்றித் துவாரத்தை அடைக்கும் தக்கையன்று. மிகைப்பட்ட பருமனும் பெரிய பலூனும் சிறுநீர்ப்பையை உறுத்த, அது சுருங்கி நீரைப் புறத்தே தள்ளும்; கசிவு மிகுமேயன்றிக் குறையாது. ஆதலின் முதற்கண் காரணத்தையே நாடல்வேண்டும். குழாய் மடிந்துளதா, உப்புப் படிவோ இரத்தக்கட்டியோ அதனை அடைத்துளதா, நீர் சேரும் பை சிறுநீர்ப்பைக்கு மேலே தொங்குகிறதா, நோயாளிக்கு மலச்சிக்கல் உண்டா என்று ஆராய்தல் தகும். குழாய் இழுபடாவாறு தொடையோடு பிணித்தல் நலம். இவற்றாலும் நில்லாதாயின், கிருமித்தொற்று உளதா என ஆராய்ந்து, பையின் சுருக்கத்தைத் தணிக்கும் மருந்தை வைத்தியர் அளிப்பர்.

சிறுநீரை அடக்கமாட்டாதார் படும் நாணமும் ஃபோலியின் உள்ளத்தைத் தொட்டது போலும். காற்றால் இறுகும் பட்டையொன்றைக்கொண்டு நீர்த்தாரையை அடக்கும் செயற்கைக் கருவியை 1947-இல் வெளியிட்டார். அது அன்று பரவவில்லையாயினும், பின்வந்தோர் அவ்வழியே சென்று பயன் கண்டனர்.

ஃபோலி 1966-இல் காலமானார். பிறர் பேசவும் கூசும் துன்பத்தை அருவருப்பின்றி நோக்கித் தீர்வு தேடியதே அவருடைய பெருமை. நோயாளியின் படுக்கையருகே நிற்கப்போகும் நம் கலாசாலை மாணவர், நனைந்த துணியை மாற்றுவதோடு அமையாது, அது நனைந்த காரணத்தையும் தேடுவாராயின், அப்பெரியார் நினைவுக்கு அதுவே தக்க சிறப்பாகும்.